ஐந்தின் உயரத்தில் மூன்று

நுழையும்முன்

கடினமான ஒன்றைக் கற்க விரும்புவோர் எளியவற்றை விரைந்து கடந்துவிடவே எண்ணுவர். கடந்து வந்த எளியவற்றுக்குத் திரும்பிச் செல்வதைத் தாழ்வாகக் கருதுவோரும் உளர். பந்துகளை மேலெறிந்து பிடிக்கும் அம்மானை ஆட்டம் இவ்வெண்ணத்தை மாற்ற வல்லது. ஓசூர்த் தொழிற்பேட்டையில் பயிற்றுநராகப் பணியாற்றிய ஒருவர், தம் கைகள் கற்ற பாடத்தை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறார்.

பாட்டில் வாழும் ஆட்டம்

பந்துகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மேலெறிந்து, தரையில் விழாமல் பிடித்து, மீண்டும் எறியும் கலையை ஆங்கிலேயர் ‘ஜக்ளிங்’ என்பர். சர்க்கஸ் கூடாரத்தில் மட்டுமே அதனைக் கண்டோர், மேனாட்டார் தந்த வித்தை எனக் கருதக்கூடும். நம் மொழியில் அதற்கு மிகப் பழைய பெயர் ஒன்று உண்டு: அம்மானை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி உள்ளது. மாணிக்கவாசகர் திருவம்மானை பாடியுள்ளார். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை ஒரு பருவம். கலம்பகத்தில் அஃது ஓர் உறுப்பு. மகளிர் மூவர் கூடிக் காய்களை மேலெறிந்து பிடித்தவாறே பாடுவர். ஒருத்தி ஒரு செய்தியைக் கூறுவாள். மற்றொருத்தி அதிலிருந்து ஒரு வினாவை எழுப்புவாள். மூன்றாமவள் இருபொருள்படும் விடையால் அதனை முடித்து வைப்பாள். கை ஆட, வாய் பாட, அறிவு விடை தேடும்.

இவ்வாட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. எகிப்து நாட்டின் பெனி ஹசன் என்னுமிடத்தில், ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைச் சுவரோவியம் ஒன்றிலும் மகளிர் பந்துகளை எறிந்து பிடிக்கின்றனர். நைல் நதிக்கரை மகளிரும் நம் காப்பியங்கள் காட்டும் மகளிரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் மேலெழும் பந்தும் காத்திருக்கும் கையும் இரு நாட்டிலும் ஒன்றே.

பாடல்களிலும் ஓவியங்களிலும் நாம் காண்பவை தேர்ந்த கைகள். அக்கைகள் தேர்ச்சி பெறுவதற்கு முன், எத்தனை காய்கள் தரையில் உருண்டிருக்கும் என எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். இக்கட்டுரை அந்தப் பயிற்சி நாள்களைப் பற்றியது.

எல்லையோர நகரில்

நான் வாழும் ஓசூர், தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் உள்ளது. நகரின் ஓரத்திலுள்ள ஜூஜூவாடியைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருட்டிணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது இவ்வூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், சரக்குந்து, இருசக்கர ஊர்தி, கைக்கடிகாரம் முதலியவற்றை உருவாக்கும் பெருந்தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உதிரிப்பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகளும் இங்குப் பெருகின. பிழைப்பு நாடி வந்தோரால் தெருக்கள் நிறைந்தன. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும். தந்தை இரவுப் பணி முடித்து வந்து உறங்கத் தொடங்கும் வேளையில், பிள்ளைகள் ஓசையெழாமல் பள்ளிக்குப் புறப்படும் வீடுகள் இங்கு மிகுதி.

தொழிற்சாலை ஒன்றின் பயிற்சிக்கூடத்தில், புதிதாகச் சேரும் இளைஞர்களுக்குக் கைப்பழக்கம் கற்பிப்பது என் பணியாக இருந்தது. கண்ணையும் கையையும் ஒத்தியங்கச் செய்வதற்காக நான் இளமையில் பழகிய ஆட்டமே அம்மானை. ஓய்வுபெற்ற பின்னர், மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பித்து வருகிறேன்.

எங்கள் பந்துகள் கடையில் வாங்கியவை அல்ல. பழந்துணியைச் சிறு பையாகத் தைத்து, கேழ்வரகை நிரப்பி, வாயை மூடித் தைத்துவிடுவோம். ஒரு பந்து ஏறத்தாழ 120 கிராம் எடை இருக்கும். கேழ்வரகு நிறைந்த பந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும், உருண்டோடாது. எறியும் பந்து முன்னோக்கிப் போய்விடாதிருக்கச் சுவரைப் பார்த்து நிற்போம். குனிந்து எடுக்கும் களைப்பைக் குறைக்க, முன்னால் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொள்வோம். தவறும் பந்துகளை அக்கட்டில் ஏந்திக்கொள்ளும்.

எறிதலை எண்ணும்போது பிள்ளைகள் தத்தம் வீட்டு மொழிக்குச் சென்றுவிடுவர். ஒருவன் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்பான். அடுத்தவள் ‘ஒகட்டி, ரெண்டு, மூடு’ என்பாள். மற்றொருவன் ‘ஒந்து, எரடு, மூரு’ என்பான். ஐந்தை எட்டும்போது மூன்று மொழிகளும் நெருங்கிவிடும். தெலுங்கிலும் கன்னடத்திலும் அது ‘ஐது’, தமிழில் ‘ஐந்து’. எண்ணும்போது எல்லாரும் ஐந்தைத் தொட்டுவிடுவர். ஐந்து பந்துகளைத் தொடுவோர் சிலரே.

மூன்றின் இலக்கணம்

ஆட்டம் ஒரே பந்தில் தொடங்குகிறது. வலக்கையிலிருந்து கண்மட்டம்வரை எழுந்து, வளைந்து, அது இடக்கையில் இறங்க வேண்டும். இடக்கையிலிருந்து அவ்வாறே வலக்கைக்குத் திரும்ப வேண்டும். கண் நோக்க வேண்டியது பந்தின் உச்சிப்புள்ளியை. கையைப் பார்க்கத் தேவையில்லை. உச்சியைக் கண்ட கண், பந்து இறங்கும் இடத்தைக் கைக்கு உணர்த்திவிடும். பார்ப்போர்க்கு இது குழந்தை விளையாட்டாகத் தோன்றும். இருபுறமும் ஒரே உயரம், ஒரே வளைவு, ஒரே வேகம் என நூறு முறை எறிந்து பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

அடுத்தது இரண்டு பந்துகள், கைக்கு ஒன்றாக. முதற்பந்து உச்சியை எட்டும் வேளையில், இரண்டாம் பந்தை அதற்கு அடியில் எறிய வேண்டும். எறி, எறி, பிடி, பிடி என்பதே இதன் தாளம். இங்குத்தான் பலர் இடறுவர். இரண்டாம் பந்தை மேலெறியாமல், பக்கவாட்டில் மறுகைக்குத் தள்ளிவிடுவர். இரண்டு பந்துகள் இருக்கும்வரை இக்குறை வெளியே தெரியாது. ஆட்டம் நடப்பது போலவே தோன்றும். மூன்றாம் பந்து வந்து சேர்ந்ததும் எல்லாம் சிதறிவிடும். எளிய நிலையில் ஒளிந்திருந்த குறையைக் கடினமான நிலை காட்டிக்கொடுக்கிறது. அதனைத் திருத்துவதற்குரிய இடமோ எளிய நிலையே. மூன்று பந்துகளோடு நின்று அக்குறையைத் திருத்த முயல்வோர், மூன்றையும் பொறுக்கி எடுப்பதிலேயே மாலையைக் கழிப்பர்.

இரண்டில் தாளம் பிடித்துவிட்டால், மூன்று பெரும்பாலோர்க்கு ஓரிரு வாரங்களில் கைவந்துவிடும். அதன் பின்னரே உண்மையான இடர்ப்பாடு தொடங்குகிறது.

ஐந்து ஏன் கடினம்?

தகவல் கோட்பாட்டின் தந்தை எனப் போற்றப்படும் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் (1916–2001) இவ்வாட்டத்தில் பெருவிருப்புடையவர். பந்துகளை எறிந்து பிடிக்கும் பொறி ஒன்றையும் அவர் உருவாக்கினார். ஆட்டத்தின் கணக்கை ஒரே சமன்பாட்டில் அவர் அடக்கிக் காட்டினார்: பந்து பறக்கும் நேரத்தையும் கையில் தங்கும் நேரத்தையும் கூட்டி, கைகளின் எண்ணிக்கையால் பெருக்குக; கை வெறுமையாக இருக்கும் நேரத்தையும் பந்து கையில் தங்கும் நேரத்தையும் கூட்டி, பந்துகளின் எண்ணிக்கையால் பெருக்குக; இரண்டும் சமமாக இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒவ்வொரு பந்தும் கையில் 0.3 விநாடி தங்குவதாகவும், அடுத்த பந்து வரும்வரை கை 0.1 விநாடி வெறுமையாக இருப்பதாகவும் கொள்வோம். சமன்பாட்டின்படி, மூன்று பந்துகள் ஆடுவோர்க்கு ஒவ்வொரு பந்தும் 0.3 விநாடி பறந்தால் போதும். கையின் வேகம் மாறாமல் ஐந்து பந்துகள் ஆட, ஒவ்வொன்றும் 0.7 விநாடி பறக்க வேண்டும். நேரம் இருமடங்கானால் உயரம் நான்கு மடங்காகும் என்பது புவியீர்ப்பின் விதி. அதனால் 0.3 விநாடி பறக்கும் பந்து 11 சென்டிமீட்டர் எழுந்தால் போதும், 0.7 விநாடி பறக்கும் பந்து 60 சென்டிமீட்டர் எழ வேண்டும்.

உயரம் கூடும்போது பிழையும் பெருகும். செங்குத்தாக எறிய வேண்டிய பந்து ஒரே ஒரு பாகை சாய்ந்துவிட்டதாகக் கொள்வோம். 11 சென்டிமீட்டர் உயரத்தில் அது 8 மில்லிமீட்டர் அளவே விலகி இறங்கும். கை அதனைப் பொருட்படுத்தாமல் பிடித்துக்கொள்ளும். 60 சென்டிமீட்டர் உயரத்திலோ 4 சென்டிமீட்டருக்குமேல் விலகிவிடும். அதனைத் தேடிக் கை நகரும். நகர்ந்த கையிலிருந்து எழும் அடுத்த பந்தும் இடம் மாறும். மூன்று பந்துகளில் மன்னிக்கப்பட்ட பிழை, ஐந்து பந்துகளில் மன்னிக்கப்படுவதில்லை.

இடத்தை விட்டுவைத்தல்

மூன்று தெரிந்தவர், நான்காவதைச் சேர்த்து, பின்னர் ஐந்தாவதையும் சேர்த்துவிடலாம் என எண்ணுவது இயல்பு. படிக்கட்டில் ஏறுவது போன்ற எண்ணம் அது. இவ்வாட்டத்தின் அமைப்பு அவ்வாறு இல்லை. வழக்கமான முறையில், மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படையில் அமைந்த பந்துகள் ஒரு கையிலிருந்து மறுகைக்குக் குறுக்கே செல்லும். நான்கு, ஆறு என இரட்டைப்படையில் அமைந்தவை கை மாறுவதில்லை. நான்கு பந்துகள் ஆடுவோர், கைக்கு இரண்டாகத் தனித்தனியே ஆடுகின்றனர். ஆகவே நான்கைப் பயில விரும்புவோர், ஒரே கையில் இரண்டைச் சுழற்றப் பழக வேண்டும். அதிலும் வலிமை குன்றிய கைக்கே மிகுந்த பயிற்சி தேவை. ஐந்தைப் பயில விரும்புவோர்க்கு நான்கு வேகத்தைக் கற்பிக்கும். வடிவத்தைக் கற்பிப்பது மூன்றே.

ஆயினும் நாம் முன்பு கற்ற மூன்று இங்குப் போதாது. அதன் உயரம் குறைவு. செய்ய வேண்டியது வேறு. ஐந்து பந்துகளின் ஆட்டத்தை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு பந்துகளை நீக்கிவிட வேண்டும். நீக்கிய பந்துகளின் இடத்தை நிரப்பக் கூடாது. மூன்று பந்துகளை ஐந்தின் உயரத்துக்கு, ஐந்தின் வேகத்தில், வலம் இடம் வலம் என எறிந்துவிட்டு, மற்ற இரண்டு தாளங்களுக்குக் கைகளை வெறுமையாக வைத்திருக்க வேண்டும். மூன்று பந்துகளும் காற்றில் இருக்கும் அக்கணத்தில் ஒருமுறை கைதட்டவும் நேரம் இருக்கும்.

இதனைக் குறிக்க ஓர் எண் முறை உண்டு. 1980களின் முற்பாதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கணித ஆர்வலர்கள் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். ஒரு பந்தை எறிந்தபின், அதே பந்து மீண்டும் எறியப்படும்வரை எத்தனை தாளங்கள் கழிகின்றன என்பதே அந்த எறிதலுக்குரிய எண். கை வெறுமையாக இருக்கும் தாளத்திற்கு எண் 0. வரிசையிலுள்ள எண்களின் சராசரி, பந்துகளின் எண்ணிக்கையைத் தரும். மேலே கூறிய பயிற்சி 5, 5, 5, 0, 0 என எழுதப்படும். கூட்டுத்தொகை 15, தாளங்கள் 5, சராசரி 3. ஐந்தின் எறிதல்களைக் கொண்டு மூன்று பந்துகளால் ஆடும் ஆட்டம் இது. அதே மூன்று பந்துகளை 5, 0, 5, 0, 5 என மாற்றி ஆடினால், வெற்றிடங்கள் இடையிடையே அமையும். இது கைவந்தபின் 5, 5, 5, 5, 0. இதன் சராசரி 4. நான்கு பந்துகளும் ஒரு வெற்றிடமும். அந்த ஒற்றை வெற்றிடத்தில் இறுதிப் பந்து வந்து அமரும்போது, ஐந்து முழுமை பெறுகிறது.

இப்பயிற்சியில் கடினமானது வெற்றிடத்தைக் காப்பதே. பழகாத கை, வெறுமையான தாளத்தைப் பொறுத்துக்கொள்ளாது. அடுத்த பந்தை முன்னதாகவே எறிந்து அவ்விடத்தை நிரப்பப் பார்க்கும். வருவதற்குரிய பந்து இன்னும் வரவில்லை; அதற்குரிய இடத்தை இப்போதே ஒதுக்கி வைக்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்கலாம், உயரத்தையும் தாளத்தையும் குறைக்கலாகாது. எளிய பயிற்சி கடினமான ஆட்டத்திற்கு வழியாவது இவ்வாறுதான்.

தம்பியின் புத்தகம்

எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி இருந்தாள். வீட்டு மொழி தெலுங்கு. பள்ளியில் தமிழ்வழிக் கல்வி. பாடம் அறிவியல் பிரிவு. மூன்று பந்துகளைப் பத்து நாளிலும் நான்கை இரண்டு மாதங்களிலும் கற்றவள், ஐந்தில் நின்றுவிட்டாள். நாள்தோறும் ஐந்தையும் எடுப்பாள், எறிவாள், ஐந்தும் கட்டிலில் விழும். ஒரு மாலையில் இரண்டு பந்துகளைக் கீழே வைக்கச் சொன்னேன்.

“மூன்றுதான் எனக்குத் தெரியுமே, தாத்தா” என்றாள்.

“உனக்குத் தெரிந்தது மூன்று பந்துகளின் மூன்று, அம்மா. இது ஐந்து பந்துகளின் மூன்று” என்றேன்.

எறிந்து பார்த்தாள். முதல் மூன்று நாள்களில் அவள் கைகள் வெற்றிடங்களை விழுங்கிக்கொண்டே இருந்தன. பின்னர் மெல்லக் காத்திருக்கக் கற்றுக்கொண்டன.

அக்காலத்தில்தான் காலாண்டுத் தேர்வு முடிவுகள் வந்தன. இயற்பியலில் அவள் தேர்ச்சி பெறவில்லை. பள்ளியை நிறுத்திவிட்டு, அருகிலிருந்த ஒரு சிறு பட்டறைக்குப் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போகலாம் என வீட்டில் பேச்சு எழுந்தது. நாள்கூலி உறுதியாகக் கிடைக்கும் ஊரில், பதினாறு வயதுப் பிள்ளையின் கல்விக்கும் வேலைக்கும் இடையிலான தொலைவு மிகக் குறைவு. பலர் அத்தொலைவை ஒரே வாரத்தில் கடந்து சென்றதை நான் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தோர் மிகச் சிலர்.

வினாத்தாளைக் கொண்டுவரச் சொல்லி, இருவரும் அமர்ந்து பார்த்தோம். திசையன்களைப் பற்றிய வினாக்களில் அவள் முதல் இரண்டு வரிகளைச் சரியாக எழுதியிருந்தாள். சைன், கொசைன் விகிதங்கள் வரும் இடத்தில் எழுத்து நின்றிருந்தது. அவளைத் தடுத்தது பதினொன்றாம் வகுப்புப் பாடம் அன்று. ஒன்பதாம் வகுப்பின் முக்கோணவியல். அதனை மீண்டும் படிக்கலாமே என்றேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “என் தம்பியே ஒன்பதாவதுதான் படிக்கிறான், தாத்தா. அவன் புத்தகத்தை வாங்கிப் படித்தால் என்ன நினைப்பான்?” என்று கேட்டாள்.

அக்கேள்வியில் இருந்த கூச்சம் அவளுக்கு மட்டும் உரியதன்று. முன்வகுப்பில் விடுபட்ட ஒரு செங்கல்லுக்காக இவ்வகுப்பில் சுவரையே கைவிடும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களைத் தடுப்பது பாடத்தின் கடுமையைவிட, திரும்பிப் பார்க்கும் கூச்சமே. கட்டிலின்மேல் கிடந்த பந்துகளை அவளுக்குக் காட்டினேன். வேறொன்றும் சொல்லவில்லை.

தம்பியின் புத்தகத்தை அவள் வாங்கினாள். ஆனால் தம்பி படிப்பதுபோல் படிக்கவில்லை. சுவரில் சாய்ந்த ஏணியின் உயரத்தைக் கணக்கிடும் பயிற்சியை முடித்ததும், அதே முக்கோணத்தை மீண்டும் வரைந்து, ஏணி இருந்த இடத்தில் ஒரு விசையை வரைவாள். தரையின் நீளம் அவ்விசையின் கிடைக்கூறாகும். சுவரின் உயரம் செங்குத்துக் கூறாகும். ஒன்பதாம் வகுப்புக் கணக்கைப் பதினொன்றாம் வகுப்பின் உயரத்துக்கு எறிந்தாள். ஆறு வாரங்களில் இயற்பியல் நூல் அவளுக்குத் திறந்துகொண்டது. பட்டறைப் பேச்சு வீட்டில் மெல்ல அடங்கியது. அவள் ஆண்டுத் தேர்வை எழுதிப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சென்றாள். ஐந்து பந்துகள் அவளுக்கு இன்னும் முழுமையாக வசப்படவில்லை. நான் எண்ணியவரை தொடர்ந்து பதினேழு முறை பிடித்திருக்கிறாள்.

தாளம் ஒன்றே

இவ்வுண்மையை வேறு இடங்களிலும் கண்டிருக்கிறேன். தொழிற்சாலையில் பொருத்தும் வரிசை ஒரே வேகத்தில் நகரும். ஒரு பணியாளர் தம்மைக் கடக்கும் ஊர்திக்கு எட்டுச் செயல்களைச் செய்ய வேண்டும் என்றால், அனைத்தையும் குறித்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். பயிற்சிக்கூடத்தில் வந்து சேரும் இளைஞர்க்கு நாங்கள் முதலில் மூன்று செயல்களையே தருவோம். நேரத்தை மட்டும் வரிசையின் நேரமாகவே வைப்போம். மூன்றை முடித்தபின் எஞ்சும் நேரத்தில் அவர் கைகட்டிக் காத்திருப்பார். எட்டையும் கொடுத்து, நேரத்தைத் தாராளமாக அளித்துப் பழக்கினால், அவர் கற்பது வேறொரு வேலையாகிவிடும்.

இசை பயில்வோர் இதனை நன்கு அறிவர். கருநாடக இசையில் தொடக்கப் பாடமான சரளி வரிசையை வகுத்தவர், கன்னட நாட்டுப் புரந்தரதாசர் என்பது மரபு. நம் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அப்பாடத்தைத் தமிழகத்துப் பிள்ளைகள் இன்றும் பாடுகின்றனர். ஒரே வரிசையை மூன்று காலங்களில் பாடுவர். முதற்காலத்தில் ஒரு தாள எண்ணிக்கைக்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் போடும் கை மாறுவதில்லை. அதனுள் அடங்கும் சுரங்களே பெருகுகின்றன. மூன்றாம் காலத்தில் இடறுவோரை ஆசிரியர் முதற்காலத்துக்குத் திருப்பி அனுப்புவார். அதனை எவரும் இழிவாகக் கருதுவதில்லை.

சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை நீங்கள் அறிவீர்கள். 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா அரங்கில், நூறு செயல்களில் ஒரே நேரத்தில் கவனம் செலுத்திக் காட்டியவர் அவர். அக்கலையின் பெயர்களே படிநிலையைச் சொல்கின்றன: எட்டுக்கு அட்டாவதானம், பத்துக்குத் தசாவதானம், பதினாறுக்குச் சோடசாவதானம், நூறுக்குச் சதாவதானம். எட்டாயினும் நூறாயினும், ஒன்றைக் கேட்டு, மனத்தில் இருத்தி, மற்றொன்றுக்கு இடம் விடும் செயல் ஒன்றே.

பயிற்சி கைகளை மட்டும் மாற்றுவதில்லை. 2004ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் செருமானிய ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். மூன்று பந்துகளை எறிந்து பிடிக்க மூன்று மாதங்கள் பழகியோரின் மூளையில், அசைவைக் காண்பதோடு தொடர்புடைய பகுதிகளின் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. பயிற்சியை நிறுத்திய மூன்று மாதங்களில் அவ்வளர்ச்சி குறைந்தது. கற்றது தானாகவே நிலைத்திருக்கும் என நம்புவோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது. கடந்து வந்த எளியவற்றையும் அவ்வப்போது கையில் எடுத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

ஐந்து கைவந்தோர்க்கு அடுத்து ஆறும் ஏழும் காத்திருக்கின்றன. ஆறுக்குச் செல்ல, ஒரே கையில் மூன்றைச் சுழற்றிப் பழக வேண்டும். ஏழுக்குச் செல்ல, ஐந்தை ஏழின் உயரத்துக்கு எறிந்து, எஞ்சும் இரண்டு தாளங்களைக் காக்க வேண்டும். எத்தனை உயரம் சென்றாலும் அடுத்த பாடம் சிறிய எண்ணில்தான் தொடங்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பாடநூல்கள் சில இருக்கக்கூடும். இவ்வாண்டு எந்தப் பாடம் உங்கள் கையிலிருந்து நழுவுகிறதோ, அதற்குரிய சிறிய எண் அவற்றுள் ஒன்றில் இருக்கும். தூசியைத் தட்டி எடுத்து, இன்றைய உயரத்துக்கு எறிந்து பாருங்கள்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியில் வழங்கும் எறிந்து பிடிக்கும் விளையாட்டு ஒன்றன் படிநிலைகளை மூத்தோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.
2. 5, 4, 3 என்னும் வரிசையின் சராசரி 4. ஆயினும் நான்கு பந்துகளால் அதனை ஆட இயலாது. ஒவ்வொரு பந்தும் எந்தத் தாளத்தில் கையை அடையும் எனக் கணக்கிட்டுக் காரணத்தைக் கண்டறிக.
3. “எண்ணிக்கையைக் குறைக்கலாம், உயரத்தையும் தாளத்தையும் குறைக்கலாகாது” – இக்கூற்றை உங்கள் கற்றல் அனுபவம் ஒன்றோடு பொருத்தி வகுப்பறையில் உரையாடுக.